பிணக்கின் தன்மை

சனிக்கிழமை. ஒட்டுசுட்டானில்
மூன்றாம் வகுப்பு அறையில் கூடும் மத்தியஸ்த சபை.
பிள்ளைகளின் கதிரைகள் எங்களுக்குச் சிறிசு.
முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க
நான்தான் படிவம் நிரப்புவது.

முறைப்பாட்டாளர்: யோகவதனி, முத்தையன்கட்டு இடதுகரை.
எதிராளி: கழிப்புக்கார அருணகிரி.
தொகை: பதினெட்டாயிரம்.
பிணக்கின் தன்மை என்பதற்கு ஒரேயொரு கோடு.

கழிப்பு, என்று எழுதினேன்.
தலைவர் எட்டிப் பார்த்தார்:
கொடுக்கல் வாங்கல் எண்டு போடும்,
மேலிடத்துக்கு உது விளங்காது.

விளங்காதுதான்.
சம்பளத்தில் கழிப்பது கடன் தவணை.
சந்தையில் கழித்துவிட்ட வெண்டிக்காய் மாட்டுக்கு.
கழிந்த மாரியில் குளம் உடைத்தது,
அதன் பின் கோழிகளுக்குக் கழிச்சல்.
பொழுதையும் கழிக்கிறோம், எப்படியோ.

இது வேறு.
செவ்வாய் இரவு, நீற்றுப்பூசணி, ஏழு தேசிக்காய்,
அரிசிமாவில் பிடித்த ஓர் ஆளுரு, உடுக்கு.
உச்சி மயிரில் முடிச்சிட்டு அறுத்துப்
பாலைமரத்தில் வைத்து அறைந்த மூன்றங்குல ஆணி.
மிச்சத்தை முச்சந்தியில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பாராமல் வீடு வருவது.
புத்தகத்தில் இதற்குப் பேயோட்டுதல் என்றிருக்கும்.
நாங்கள் ஓட்டுவது லாண்ட்மாஸ்டரை.
யானை வந்தால் கலைப்போம்.
பேயை மட்டும் கழிப்போம்.
எதிலிருந்து, என்று யாரும் கேட்பதில்லை.

அருணகிரி எழுந்து நின்றார்.
வேலை சுத்தம். மூண்டு மாசமா ஒரு சத்தமில்லை.
இவவின்ர மனுசனைக் கேளுங்கோ,
அவர்தானே வந்து கூப்பிட்டவர்.
வாசலில் நின்ற மனுசன் தலையாட்டினார்.
யோகவதனியும் தலையாட்டினாள்.
ஓம். ஒரு சத்தமில்லை.

அப்ப என்ன பிணக்கு?

அவன் பின்னேரத்தில வந்து கதைக்கிறவன்,
விளக்கு வைக்கிற நேரம்,
என்ர தொண்டையாலதான்.
பெரிசா ஒண்டுமில்லை.
சைக்கிளுக்குக் காத்தில்லை அம்மா, எண்டுவான்.
சொதிக்கு உப்புக் காணாது, எண்டுவான்.
மாத்தளனில விட்டிட்டு வந்த பிள்ளை, ஐயா,
வழி கேட்டுக் கேட்டு வரப் பத்து வருசம் எடுத்திருக்கு.
பேய் எண்டு இவைதான் பேர் வைச்சவை.
எனக்குக் காசு வேண்டாம்.
கழிச்சதைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கோ.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு
அழியாமல் கிடந்தது.
நாற்பத்திரண்டில் பதினேழு.
இரண்டில் ஏழு போகாது,
பக்கத்தில் போய்க் கடன் வாங்கு.
ஏதோ ஒரு பிள்ளை
நாலை வெட்டி மூன்றாக்கிய கையோடு
விட்டுவிட்டுப் போயிருந்தது.
மணியடித்திருக்கும்.

கழித்ததற்கு எதிர், கூட்டுவது.
இந்த அறையில் அப்படித்தான் படிப்பிக்கிறார்கள்.
வெளியே விறாந்தையில்
கூட்டுவதென்றால் விளக்குமாறு:
ஈர்க்குகள் மண்ணில் கீறும் சத்தம்
அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

திரும்ப வைக்கிற மந்திரம்
எனக்கு ஆரும் படிப்பிக்கேல்லை, என்றார் அருணகிரி.
காசை எடுத்து மேசையில் வைத்தார்.
அது அங்கேயே இருந்தது.
காற்றாடிக்குப் பறக்காமலிருக்க
நான் அழிறப்பரை அதன்மேல் வைத்தேன்.

பிறகு, யாரையும் பாராமல்:
வேணுமெண்டால் ஆணியைப் பிடுங்கிப் பாக்கலாம்.
நான் பொறுப்பில்லை.

எந்தப் பாலை? என்றாள் அவள்.

வாய்க்கால் மதகு தாண்டி,
யானை உரஞ்சின அடையாளம் இருக்கும்,
அதுக்கு அடுத்தது.

படிவத்தின் அடியில் கேட்டிருந்தது:
இணக்கம் காணப்பட்டதா? ஆம் / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடவும்.
இரண்டுக்கும் மேலாகப் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.
யோகவதனி எழும்பிப் போய்விட்டாள்.
காவலாளியிடம் அவள்
குறடு ஒன்று இரவல் கேட்பது
யன்னலால் கேட்டது.